பதினோராவது ஓட்டம்

எங்கள் மையத்தில் என்னை யாருக்கும் பிடிக்காது. அதில் எனக்கு வருத்தமும் இல்லை. தணிக்கை அதிகாரியை எல்லோருக்கும் பிடித்துவிட்டால் அவள் எதையோ கண்டும் காணாமல் விடுகிறாள் என்று அர்த்தம். பால் பாக்கெட்டைக்கூட வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துத்தான் வாங்குவேன். ரெஜினா மேடம் கண்ணாடியில் தெரிகிற தன் முகத்திடமே அடையாள அட்டை கேட்பார் என்று கேன்டீனில் பேசிக்கொள்வதாகக் கேள்வி. கேட்டால்தான் என்ன?

அந்தத் திங்கட்கிழமை காலை தரமணி அலுவலகத்தில் பதிவேட்டைத் திறந்தேன். 7031 என்ற மாதிரிக்கு எதிரே பத்தொன்பது ஓட்டங்கள் இருந்தன. இருக்க வேண்டியது மூன்று. மிச்சம் பதினாறையும் கடந்த பன்னிரண்டு நாளில் ஓட்டியிருந்தவன் பிறைசூடன். கரூர்க்காரன், எட்டு வருட அனுபவம், வாய் திறந்தால் மரியாதையைத் தவிர வேறொன்றும் வராது. அப்படிப்பட்டவர்கள்மேல் எனக்கு எப்போதுமே ஒரு கண் உண்டு.

விளங்கும்படி சொல்லிவிடுகிறேன். இதயத் தசையில் ஒரு வாசல் புரதம் இருக்கிறது. அது பொட்டாசியத்தை வெளியே விட்டால்தான் இதயம் அடுத்த துடிப்புக்குத் தயாராகும். வேறு எதற்கோ கொடுக்கிற சில மருந்துகளுக்கு இந்த வாசல் இடம் திறந்துவிட்டால் அவை உள்ளே போய் மாட்டிக்கொள்ளும். மாட்டினால் துடிப்பு தாளம் தப்பி ஆள் நின்ற இடத்தில் விழுவான். ஒவ்வொருவருடைய வாசலும் மரபணுவைப் பொறுத்து நூலிழை மாறும். முன்பெல்லாம் மருந்தை மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்த்துத்தான் இதைத் தெரிந்துகொண்டார்கள். இப்போது நோயாளியின் ரத்தத்தை வாங்கி, அவருடைய வாசலைக் கணினியில் அணு அணுவாகக் கட்டி, தண்ணீரில் மிதக்கவிட்டு, மருந்தையும் பக்கத்தில் விட்டு, அது எப்படி நெளிகிறது, எப்படி வளைகிறது என்று பார்க்கிறோம். அதற்குப் பெயர்தான் ஓட்டம். ஒன்று முடிய முப்பது மணி நேரம் ஆகும், ஒரே சமயத்தில் இரண்டை ஓட்டலாம். மூன்று ஓட்டத்திலும் மருந்து மாட்டாவிட்டால், இவருக்கு இதைக் கொடுக்கலாம் என்று மருத்துவமனைக்குச் சான்றிதழ் போகும். அதன் அடியில் என் கையெழுத்து இருக்கும்.

ஒவ்வொரு ஓட்டத்துக்கும் ஒரு விதை எண் வேண்டும். அணுக்களுக்கு முதல் தள்ளல் எந்தப் பக்கம் என்பதை அந்த எண் தீர்மானிக்கும். எண் மாறினால் பாதையும் மாறும். எந்த எண்ணைப் போட்டாலும் சரி என்பதால் எங்கள் ஆட்கள் பிறந்த தேதிகளைப் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு காலத்தில் மருந்து நிறுவனங்கள் நல்ல முடிவு வரும்வரை எண்ணை மாற்றி மாற்றி ஓட்டிவிட்டு, கெட்டதைக் குப்பையில் தள்ளி, நல்ல மூன்றை மட்டும் நீட்டின. அதைத் தடுக்கத்தான் மூன்றுக்கு மேல் கூடாது என்று விதி எழுதினேன். அதற்குத் துணையாக இன்னொன்றும் எழுதினேன்: மீறி ஓட்டியது தெரிந்தால், புகார் பதிவான அன்றே அந்தக் கூடுதல் ஓட்டங்கள் அனைத்தும் அழிக்கப்படும், நல்லதானாலும் கெட்டதானாலும். இரண்டு விதியும் எனக்குப் பெருமையாக இருந்தன.

7031-க்கு விஷயம் தலைகீழ். மூன்று ஓட்டமும் சுத்தம், சான்றிதழ் போய் இரண்டு வாரம் ஆகிவிட்டது. நல்ல முடிவு கையில் இருக்கும்போது மேலும் பதினாறு தடவை ஓட்டுகிறவன் எதைத் தேடுகிறான்? கெட்ட முடிவைத் தேடுகிறான். அந்த மருந்து தோற்க வேண்டும் என்று ஆசைப்படும் போட்டி நிறுவனம் ஒன்று எங்கேயாவது இருக்கும், அதற்கு இவன் ஆள். எனக்கு அப்படித்தான் தோன்றியது.

கோபம் வர வேறு காரணமும் இருந்தது. அதே மருந்தை என் தம்பி ஜெரால்டுக்கு வியாழக்கிழமை காலை பத்து மணிக்குப் போடுவதாக இருந்தது. ராயபுரத்தில் எங்கள் வீட்டில் இருப்பது நாங்கள் இருவர்தான். துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவன், தசைகள் ஒவ்வொன்றாகத் தேய்ந்து இப்போது சட்டைப் பித்தானைப் போட முடியாமல் என்னைக் கூப்பிடுகிறான். கைப்பிடி வலு ஒரு அளவுக்குக் கீழே போய்விட்டால் அந்த ஊசியே கிடையாது. அவன் அந்த அளவுக்கு ஒரு விரற்கடை மேலே நின்றுகொண்டிருந்தான். நாட்டில் எங்களைப்போல் நான்கு மையங்கள். எவருடைய ரத்தம் எங்கே போகிறது என்று தெரியாது, மாதிரிக்கு எண் மட்டும்தான். சொந்தக்காரர்களின் சான்றிதழைப் பார்க்கக்கூடாது என்று வேலையில் சேரும்போதே உறுதிமொழி கொடுத்திருக்கிறோம். ஜெரால்டு 'பாஸாயிட்டேன்க்கா' என்று போனை நீட்டியபோதுகூட முகத்தைத் திருப்பிக்கொண்டவள் நான்.

கூடுதல் ஓட்டத்துக்குக் காரணம் எழுத ஒரு கட்டம் உண்டு. பிறைசூடன் பதினாறு தடவையும் அதில் 'மனசு ஒப்பலை' என்று எழுதியிருந்தான்.

கேன்டீனில் அவனைப் பிடித்தேன். சுவர் முழுக்க எங்கள் வாசல்களின் படங்கள். மையம் தொடங்கியபோது முறை சரியா என்று சோதிக்க ஊழியர்கள் எல்லோருமே ரத்தம் கொடுத்தோம். அப்போது கணித்த படங்களுக்குச் சட்டம் போட்டு, பெயரும் பிறந்த தேதியும் எழுதி மாட்டியிருக்கிறார்கள். வாசலின் ஒவ்வொரு கண்ணியும் படத்தில் ஒரு மணி. என் வாசலில் மட்டும் எல்லோருக்கும் சின்ன மணி இருக்கிற இடத்தில் ஒரு குண்டு மணி துருத்திக்கொண்டிருக்கும். மேடம் வாசலிலேயே வாட்ச்மேனை உட்கார வைத்துப் பிறந்தவர் என்பது பத்து வருடக் கிண்டல்.

"7031-ஐ ஏன் பதினாறு தடவை ஓட்டினீங்க?"

அவன் டீ டம்ளரை மேசையில் வைத்துவிட்டு எழுந்து நின்றான். "வியாழக்கிழமைக்கு முன்னால நானே வந்து சொல்லிடறனுங்க மேடம். இப்ப சொன்னா சரியா வராதுங்க."

"வியாழக்கிழமை என்ன விசேஷம்?"

அவன் சுவரைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். பிறகு கேட்டான்: "மேடம், தப்பா நினைச்சுக்காதீங்க. உங்களுக்குக் கூடப் பொறந்தவங்க யாராச்சும் இருக்காங்களாங்க?"

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. என் வீட்டைப் பற்றி விசாரிக்கிறான். தம்பிக்கு வியாழக்கிழமை ஊசி என்பதைக்கூடத் தெரிந்து வைத்திருக்கிறான், என்னை மிரட்டப் பார்க்கிறான் என்று நினைத்தேன். "அது உங்களுக்குத் தேவையில்லாத விஷயம்" என்றேன்.

"சரிங்க மேடம்."

அன்று மதியமே புகார் எழுதினேன். பதினாறு விதை எண்களையும் வரிசையாகக் குறித்து, 'மனசு ஒப்பலை' என்பதை மேற்கோளில் போட்டு, 'உள்நோக்கம் தெளிவு' என்று முடித்தேன். செவ்வாய்க்கிழமை காலை புகார் பதிவானது, பிறைசூடனின் அடையாள அட்டையை அலுவலக வாசலிலேயே வாங்கிக்கொண்டார்கள். ஓட்டங்கள் அழிக்கப்பட்டன. அவன் ஓட்டியது பழைய கணினி அலமாரியில். எப்படியும் கழிவுக்குப் போக வேண்டியதுதான் என்று நான் சொல்ல, அதையும் அன்று மாலையே கழற்றி லாரியில் ஏற்றினார்கள். ஜன்னலிலிருந்து பார்த்தேன். திருப்தியாக இருந்தது என்பதை மறைக்கப்போவதில்லை.

புதன்கிழமை காலை ஜெரால்டை மருத்துவமனையில் சேர்த்துவிட்டு அலுவலகம் வந்தேன். பதினோரு மணிக்கு அவனிடமிருந்து ஒரு படம் வந்தது. சேர்க்கையில் சான்றிதழ் நகல் கேட்கிறார்களாம், சரியான பக்கம்தானா என்று பார்த்துச் சொல்லச் சொல்லியிருந்தான். திறந்துவிட்ட பிறகுதான் உறுதிமொழி ஞாபகம் வந்தது. மூடப் போன கை அப்படியே நின்றது. வலது மூலையில் சின்ன எழுத்தில் 7031.

எழுந்து கேன்டீனுக்குப் போனேன். என் படத்தின் முன்னால் நின்றேன். குண்டு மணி அதே இடத்தில் துருத்திக்கொண்டிருந்தது. கூடப் பிறந்தவர்கள் இருக்கிறார்களா என்று அவன் ஏன் கேட்டான் என்பது அப்போதுதான் உறைத்தது.

பிறைசூடனை அழைத்தேன். மூன்றாவது முறைதான் எடுத்தான். பின்னால் நடத்துநர் ஊர்ப் பெயர்களைக் கூவுவது கேட்டது. கிளாம்பாக்கத்தில் கரூர் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தான்.

"7031 என் தம்பி" என்றேன்.

"தெரியுமுங்க மேடம். தெரியும்னா, சந்தேகமுங்க. அதுலயும் உங்க படத்துல இருக்கற அதே குண்டு மணிங்க. அது ஊர்ல ஆயிரத்துல ஒருத்தருக்குக்கூட இருக்காது. தினமும் டீ குடிக்கறப்ப உங்க படத்துக்கு எதுத்தாப்லதான் உக்காருவேன். மூணு ஓட்டம் சுத்தமா வந்தப்பறமும் மனசு ஒப்பலீங்க. அதான் சுவத்துல இருக்கற எல்லார் பிறந்த தேதியையும் ஒண்ணொண்ணாப் போட்டு ஓட்டுனேன்."

"என்ன வந்துச்சு?"

"பதினோராவதுல வாசல் மருந்துக்குத் தொறந்துருச்சுங்க. குண்டு மணி ஒரு பக்கமா சாஞ்சு, பின்னாடி ஒரு பொந்து விழுந்துச்சு. மருந்து உள்ள போய் உக்காந்துக்கிச்சு. கடைசி வரைக்கும் வெளிய வரவே இல்லீங்க."

கேன்டீனில் யாரோ தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். நான் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தேன்.

"மத்ததுல?"

"மத்த பதினஞ்சும் சுத்தம்."

"அன்னிக்கே ஏன் சொல்லலை?"

"ஒண்ணே ஒண்ணை வச்சுக்கிட்டு வந்து சொன்னா நீங்க நம்புவீங்களா மேடம்? முதல்ல என் நாற்காலியப் புடுங்குவீங்க. ஓட்டற எங்க படிவத்துல ஊசி தேதி வியாழன்னு இருந்துச்சு, அதுக்குள்ள ரெண்டாவதா ஒண்ணு வரட்டும், கையில வச்சுக்கிட்டுச் சொல்லலாம்னு இருந்தேன். வரல."

அவன் சொன்னது என்னைப் பற்றிய சரியான தகவல்.

"விதை எண் என்கிட்ட இருக்கு. புகார்ல எழுதியிருக்கேன். பதினோராவது யாரோட தேதி?"

"கேன்டீன் மாஸ்டரோடதுங்க. ஆனா ஒண்ணு மேடம். நான் ஓட்டுனது பழைய அலமாரில. புதுசுல அதே எண்ணைப் போட்டாலும் அதே பாதையில போகும்னு சொல்ல முடியாதுங்க. பத்தாவது தசம இடத்துல ஒரு துளி மாறுனாப் போதும், போகப் போக எல்லாமே வேறயாயிரும்."

"பழசைக் கழட்டிட்டாங்க."

"யாரு சொல்லிங்க?"

"நான்தான்."

"சரிங்க மேடம்" என்றான். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

தணிக்கை அதிகாரிக்கு மட்டும் ஒரே ஒரு சரிபார்ப்பு ஓட்டம் அனுமதி உண்டு. கேன்டீன் மாஸ்டரின் பிறந்த தேதியைப் போட்டுப் புது அலமாரியில் தொடங்கினேன். மணி பன்னிரண்டு. முடிய வியாழன் மாலை ஆறு ஆகும். ஊசி காலை பத்துக்கு.

மருத்துவமனையில் டாக்டர் நப்பின்னை நான் சொன்னதைக் குறுக்கிடாமல் கேட்டார். என்னைவிடப் பத்து வயது சின்னவர். கேட்டு முடித்துவிட்டு, நான் என் அலுவலகத்தில் பார்ப்பேனே, அதே பார்வையைப் பார்த்தார்.

"மூணு ஓட்டமும் சுத்தம்னு சான்றிதழ்ல இருக்கு. கீழே உங்க கையெழுத்துதானே மேடம்?"

"என்னோடதுதான்."

"இப்ப பதினோராவதுன்னு ஒண்ணு இருந்துச்சுங்கறீங்க. எங்க அது?"

"அழிச்சாச்சு."

"ஓட்டினவர் எங்க?"

"சஸ்பெண்ட் ஆயிருக்கார்."

"எதுக்கு?"

"மோசடின்னு நான் புகார் கொடுத்தேன்."

அவர் பேனாவை மூடி வைத்தார். "நீங்களே மோசடிக்காரர்னு எழுதிக் கொடுத்த ஒருத்தர் போன்ல சொன்னாருன்னு, நான் ஒரு நோயாளிக்கு மருந்தை நிறுத்தணும். அந்த நோயாளி உங்க தம்பி. என் இடத்துல நீங்க இருந்தா நிறுத்துவீங்களா?"

"மாட்டேன்."

"உங்க தம்பி வேணாம்னு எழுதிக் கொடுத்தா நிறுத்தறேன். ஆனா இந்த இடம் அடுத்தவருக்குப் போயிடும். அடுத்த முறை ஆறு மாசம் கழிச்சு. அப்ப அவர் கைப்பிடி அளவுக்குக் கீழே போயிருக்கும், இந்த மருந்து அவருக்கு இனிமே கிடைக்காது. யோசிச்சுக்கங்க."

ஜெரால்டு கட்டிலில் உட்கார்ந்து இட்லியைக் கரண்டியால் குத்திக்கொண்டிருந்தான். நான் எல்லாவற்றையும் சொன்னேன். புகார் எழுதியதையும் லாரியை ஜன்னலில் நின்று ரசித்ததையும்கூட விடவில்லை. அவன் கரண்டியை வைத்தான்.

"பத்தொம்போதுல ஒண்ணு."

"ஆமாடா."

"அந்த ஒண்ணையும் நீ கண்ணால பாக்கல."

"இல்ல."

"இன்னாக்கா நீ. வாசல்ல போஸ்ட்மேன் வந்தாலே பேக்கைத் தொறந்து காட்டுன்னு கேப்பே. இந்தாளை மட்டும் எப்பிடி நம்புறே?"

எப்படி என்று எனக்கும் தெரியவில்லை. வேலையிலிருந்து நிறுத்தப்பட்டு பஸ்ஸில் உட்கார்ந்து ஊருக்குப் போகிறவன், இனி என்னால் அவனுக்கு எந்த லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. இதைக்கூட நான் கணக்குப் போட்டுத்தான் பார்த்தேன். ஆனால் கணக்கு அதுவல்ல. அவன் என் படத்தைப் பார்த்தபடி எட்டு வருடம் டீ குடித்திருக்கிறான். "நம்புறேன்டா, அவ்வளவுதான்" என்றேன். அழுகை வந்துவிட்டது. ஜெரால்டு முன்னால் நான் அழுததே இல்லை.

அவன் ரொம்ப நேரம் தன் கையையே பார்த்தான். விரல்களை மடக்கிப் பார்த்தான், பாதிதான் மடங்கியது. "சரி, குடு பேப்பரை" என்றான். பேனாவை அவன் விரல்களுக்கு நடுவில் நான்தான் சொருகினேன். கோணலாக ஒரு கையெழுத்து விழுந்தது. வியாழக்கிழமை பத்து மணிக்கு அந்த ஊசி பக்கத்து அறையில் வேறொருவருக்கு ஏறியது. நாங்கள் ஆட்டோ பிடித்து ராயபுரம் வந்தோம்.

மாலை ஆறு மணிக்குத் தரமணியில் இருந்தேன். ஓட்டம் முடிந்தது. முதலிலிருந்து ஓடவிட்டுப் பார்த்தேன். என் தம்பியின் வாசல் தண்ணீருக்குள் மெல்ல மூச்சு விடுவதுபோல் அசைந்தது. குண்டு மணி சாய்ந்தது. அது நிமிர்ந்துகொண்டது. மறுபடி கொஞ்சம் சாய்ந்தது, மறுபடி நிமிர்ந்தது. மருந்து பக்கத்தில் சுற்றிச் சுற்றி வந்துவிட்டு விலகிப் போனது. வாசல் அதற்குத் திறக்கவில்லை.

பழைய ரெஜினாவுக்கு இதுவே போதும். அவன் புளுகியிருக்கிறான், பதினோராவது என்று ஒன்று இருந்ததே இல்லை, புகார் கொடுத்தவளைப் பழிவாங்க அவளுடைய தம்பியின் மருந்தைப் பறித்திருக்கிறான் என்று ஒரே மூச்சில் எழுதி முடித்திருப்பாள். புது ரெஜினா என்று ஒருத்தி இருக்கிறாளா என்றும் எனக்குத் தெரியவில்லை. அலமாரி மாறினால் பாதை மாறும் என்று அவன் முன்னாலேயே சொன்னான். உண்மையைச் சொல்கிறவனும் அதைச் சொல்வான், தப்பிக்க வழி வைத்துக்கொள்கிறவனும் அதையேதான் சொல்வான். பிரித்துப் பார்க்க இருந்த ஒரே வழியை நான் லாரியில் ஏற்றி அனுப்பிவிட்டேன்.

போன் அடித்தது. ஜெரால்டு.

"இன்னாக்கா, வந்துச்சா?"

"வந்துச்சு."

"தொறந்துச்சா?"

பொய் சொல்ல ஒரு நொடி போதும். நான் சொன்னால் அவன் நம்புவான், என்னைப்போல் சந்தேகப் பிறவி இல்லை அவன். "திறக்கலைடா" என்றேன்.

பின்னால் டிவி ஓடிக்கொண்டிருந்தது. அதை அணைத்துவிட்டான். "அப்போ?"

"இன்னொண்ணு ஓட்டப்போறேன். இது வேற அலமாரி, அதனால..."

"அதுலயும் தொறக்கலன்னா?"

"அதுக்கப்புறம் இன்னொண்ணு."

"எத்தினி தடவ ஓட்டுவே?"

"திறக்கிற வரைக்கும்" என்றேன். வாயிலிருந்து வந்த பிறகுதான் என் காதில் விழுந்தது. வேண்டிய முடிவு வரும்வரை ஓட்டுகிறவர்களை எதிர்த்துத்தான் அத்தனை விதியையும் எழுதினேன்.

ஜெரால்டு சிரித்தான். கோபமாகக்கூட இல்லை. "அக்கா, தொறந்துச்சுன்னா என் ஆர்ட்டு நின்னிருக்கும்னு அர்த்தம். தொறக்கலன்னா என் கை பொழச்சிருக்கும்னு அர்த்தம். நீ அங்க ஸ்கிரீன் முன்னால உக்காந்துகினு எது நடக்கணும்னு வேண்டிக்கினு இருக்கே?"

திரையில் புது ஓட்டத்துக்கான படிவம் திறந்திருந்தது. விதை எண்ணில் என் தம்பியின் பிறந்த தேதியை ஏற்கெனவே போட்டிருந்தேன். அனுமதிக்கப்பட்ட ஒன்று முடிந்துவிட்டது, இது விதிமீறல், இதையும் யாராவது அழிப்பார்கள். காரணம் எழுதும் கட்டத்தில் 'மனசு ஒப்பலை' என்று அடித்தேன். மறுமுனையில் அவன் காத்துக்கொண்டிருந்தான். பதில் சொல்லாமலேயே தொடங்கு பொத்தானை அழுத்தினேன்.